641 எங்கிருந்து வந்தது?

4294967297, அதாவது 2³²+1, பகா எண் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார், 1732-இல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்தார் என்பதோடு இந்த எண்ணைப் பற்றி நான் படித்த கட்டுரை நின்றுவிடுகிறது. 641 எப்படிக் கிடைத்தது என்பதில்தான் அழகே இருக்கிறது! இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை வந்துவிடுகிறது. பின்னாளில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா அந்த 64-ஐ 128 ஆக்கலாம் என்று காட்டினார். அப்புறம் 641-க்கு முன்னால் மிஞ்சுவது 257 மட்டும்தான்.

சரி, நீண்ட வகுத்தல் செய்யாமலே இதைச் சரிபார்க்கலாம். 641 = 5×2⁷+1; அதே 641 = 5⁴+2⁴. முதலாவதன்படி 5×2⁷ என்பது 641-க்கு ஒன்று குறைவு, எனவே அதை 641-ஆல் வகுத்தால் மீதியை −1 என்று கொள்ளலாம்; நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். ஆக −2³²-இன் மீதி 1, அதாவது 2³²+1 மீதியின்றி வகுபடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத நிரூபணம் இது.

இன்னொன்றையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம். இந்த எண்ணை 65536²+1² என்றும், 62264²+20449² என்றும் எழுதலாம். ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக அதிகபட்சம் ஒரு வழியில்தான் எழுத முடியும். அதனால் காரணி எதுவும் தெரியாமலே இது பகு எண் என்று சொல்லிவிடலாம்.