ஐடிஐ சான்றிதழ் தடாவைத் தாண்டினால் செல்லாதா?

கும்மிடிப்பூண்டியில் ஐடிஐ முடித்தவரின் சான்றிதழ், ஆந்திர எல்லைக்குள் தடா ஊரை அடுத்துள்ள ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் செல்லாது என்றும், ரோபோ இயங்கும் ஆலைகளில் பொறியியல் பட்டதாரிகளுக்கே இடம் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தவறு. ஆரம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் இதை நம்பிப் படிப்பைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) முறையின் கீழ் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் இந்தியா முழுவதும் செல்லும். மாநில அளவிலான எஸ்சிவிடி (மாநிலத் தொழிற்பயிற்சிக் குழு) சான்றிதழ் வேறு. சேரும்போதே எது கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குழப்பத்திற்குக் காரணம், தனியார் ஆலை வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூர்வாசிகளுக்கு ஒதுக்கி ஆந்திரம் 2019-இல் இயற்றிய சட்டமாக இருக்கலாம். அது வசிப்பிடத்தைப் பற்றியதே தவிர, சான்றிதழின் தகுதியைப் பற்றியது அன்று. மேலும், தகுதியான உள்ளூர் ஆட்கள் கிடைக்காவிட்டால் மூன்று ஆண்டுகளுக்குள் பயிற்சி அளித்துச் சேர்க்க வேண்டும் என்று அச்சட்டமே கூறுவதால், திறன் பற்றாக்குறை எல்லைக்கு அப்பாலும் இருக்கக்கூடும் என்பது தெரிகிறது.

பட்டதாரிகளுக்கே இடம் என்பதும் சரியன்று. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐ-க்கள் டாடா டெக்னாலஜிஸுடன் இணைந்து தொழில் 4.0 (கணினியும் தானியங்கி எந்திரங்களும் இணைந்த நவீன உற்பத்தி முறை) மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டு, தொழிலக ரோபோட்டிக்ஸ், உயர்நிலை சிஎன்சி (கணினி வழி இயங்கும்) எந்திரப் பணி, மின்வாகனப் பழுதுபார்ப்பு போன்ற பிரிவுகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன. அதற்குப் பின், 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களை (அப்ரண்டிஸ்) சேர்த்தே ஆக வேண்டும், உதவித்தொகையும் உண்டு. வகுப்பறையில் கற்றது ஆலையின் எந்திரத்தில் கைக்கு வருவது அந்தப் பழகுநர் காலத்தில்தான். அதைத் தவறவிடாதீர்கள்.