டாமி வரைந்த யானை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீழே சில நாவல்களின் முடிவுகள் வருகின்றன. இனிமேல்தான் படிக்கப்போகிறேன் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

கசுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ (2005) நாவலில் டாமி என்ற சிறுவன் நீர்வண்ணத்தில் ஒரு யானை வரைகிறான். உயரமான புல்லுக்கு நடுவே நிற்கும் யானை. அவனைவிட மூன்று வயது சின்னப் பிள்ளை கிறுக்கியதைப்போல இருக்கிறது. பையன் மனம் நோகக் கூடாதென்று ஆசிரியை பாராட்டிவிடுகிறார். அந்தப் பாராட்டுதான் வினையாகிறது. அன்றிலிருந்து வகுப்பே அவனைக் கேலி செய்யத் தொடங்குகிறது. அங்கே படிப்பவர்கள் எல்லோரும் உடலுறுப்புகளுக்காகவே நகலெடுத்து வளர்க்கப்படும் பிள்ளைகள். அவர்களுடைய நல்ல ஓவியங்களை மட்டும் ‘மேடம்’ என்றழைக்கப்படும் பெண்மணி அவ்வப்போது வந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு போவார். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. டாமியின் படம் ஒன்றுகூட அதில் போனதில்லை.

போன வாரம் நண்பர்களோடு செயற்கை மனிதர் கதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இந்த யானைதான் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. எந்த நாவலை எடுத்தாலும் பேச்சு ஒரே இடத்தில் போய் நின்றது: “மனிதர்களைவிட அதற்குத்தான் மனிதத்தன்மை அதிகம்.” சொன்னவர்கள் எல்லோரும் நல்லவர்கள், மனமுருகித்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு எரிச்சலாக வந்தது. அது பாராட்டில்லை, மதிப்பெண்.

இஷிகுரோவின் இன்னொரு நாவலான ‘கிளாரா அண்ட் த சன்’ (2021) கதையில் வரும் கிளாராவையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிச் சிறுமிக்குத் துணையாகக் கடையில் வாங்கப்பட்ட இயந்திரப் பெண். சிறுமி பிழைக்க வேண்டும் என்பதற்காகத் தன் தலைக்குள் இருக்கும் திரவத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துவிடுகிறாள். கடைசியில் பழைய பொருள்கள் கிடக்கும் திடலில் உட்கார்ந்து, யார் மீதும் ஒரு குறையும் சொல்லாமல், தன் நினைவுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நானும் அழுதேன், மறுக்கவில்லை. அழுது முடித்த பிறகுதான் யோசித்தேன்: உண்மை, பணிவு, தியாகம், புகார் சொல்லாத வாய். எசமானர்கள் காலங்காலமாக வேலைக்காரர்களுக்கு எழுதிக்கொடுத்த நற்சான்றிதழில் இருப்பவை இவைதானே? ‘ரோபோ’ என்ற சொல்லே அங்கிருந்துதான் வந்தது. 1920இல் காரெல் சாப்பெக் எழுதிய நாடகத்துக்காக அவருடைய அண்ணன் யோசெஃப் எடுத்துக்கொடுத்த சொல் அது. செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்பால் ஆனவையும் இல்லை, சதைபோன்ற ஒன்றால் செய்யப்பட்டவை.

நம் பக்கமும் இதே கதைதான். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் இயந்திர நாய் ஜீனோவை நாம் கொஞ்சியது அது புத்தகம் படித்ததாலும் சாமர்த்தியமாகப் பேசியதாலும்தான். மந்தமான, எதற்கும் உதவாத ஓர் இயந்திர நாயாக இருந்திருந்தால் அதற்காக யார் கவலைப்பட்டிருப்பார்கள்? 1818இல் மேரி ஷெல்லி ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் படைத்த அந்தப் பெயரில்லாத உயிர்கூட ஒட்டுக்கேட்டே மொழி கற்று, கவிஞர் மில்டனைப் படித்துவிட்டுத்தான் மனிதர்கள் முன்னால் வந்து நிற்கிறது.

இந்த விஷயத்தில் துணிச்சல்காரர் என்று நான் சொல்வது பிலிப் கே. டிக்கைத்தான். அவருடைய ‘டூ ஆண்ட்ராய்ட்ஸ் ட்ரீம் ஆஃப் எலக்ட்ரிக் ஷீப்?’ (1968) நாவலில், தப்பி ஒளிந்திருக்கும் ஆண்ட்ராய்டு, அதாவது செயற்கைப் பெண், ஒருத்தி கத்தரிக்கோலை எடுத்து ஒரு சிலந்தியின் கால்களை ஒவ்வொன்றாக வெட்டுகிறாள். எட்டுக் கால் எதற்கு, நாலு போதாதா என்று பார்க்கிறாளாம். உயிரினங்கள் அநேகமாக அழிந்துபோன உலகம் அது. உயிருள்ள ஒரு சிலந்தி கிடைத்ததே அதிசயம். அவளுக்கு அடைக்கலம் கொடுத்த அப்பாவி மனிதன் பக்கத்தில் நின்று துடிக்கிறான். வாசகனின் பரிவைச் சம்பாதிக்க அவள் ஒரு காசு பெறுமான முயற்சிகூடச் செய்வதில்லை. நமக்கு அவளைப் பிடிக்காமல் போகிறது. இப்போது சொல், இவளைச் சுட்டுத்தள்ளலாமா என்று நாவல் கேட்கிறது. கிளாராவை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சுலபம்.

அதே நாவலில் ஆண்ட்ராய்டுகளைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. கண்ணில் ஒளியைப் பாய்ச்சி, கன்னத்தில் கருவியை ஒட்டி, கேள்விகள் கேட்பார்கள். பிறந்தநாளுக்குக் கன்றுத்தோல் பர்ஸ் ஒன்று பரிசாக வந்தால் என்ன செய்வாய்? கண் தசை எப்படி இறுகுகிறது, கன்னம் சிவக்கிறதா என்பதைக் கருவியின் முள் காட்டும். பலரும் தாண்டிப் போய்விடும் ஓர் இடம் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உணர்ச்சிகள் மங்கிப்போன மனநோயாளிகள் சிலர் இந்தச் சோதனையில் தேறமாட்டார்கள், ஆண்ட்ராய்டு என்று நினைத்து அவர்களைக் கொன்றுவிடக் கூடும் என்று லெனின்கிராட் மனநல மருத்துவர்கள் அஞ்சுவதாகக் கதையில் வருகிறது.

அந்தப் பக்கத்தை முதல் தடவை படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது எங்கள் பெரியம்மா படுக்கையில் இருந்தார். நினைவு போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் அம்மா, அவருடைய கூடப்பிறந்த தங்கை, எதிரே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதபோது, பெரியம்மா அம்மாவின் புடவைக் கரையிலிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் மாறவில்லை. நூல் முழுதாக வந்ததும் அதை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் கரையில் தேடத் தொடங்கினார். அந்த முள் அசைந்தே இருக்காது. படைப்பாற்றல், நினைவு, பரிவு என்று நாவலாசிரியர்கள் மனிதத்தன்மைக்கு வைக்கும் எல்லாத் தாள்களிலும் அவருக்குப் பூஜ்யம். ஆனாலும் அவர் மனிதர்தானா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் கைக்கு எட்டும்படி முந்தானையை இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொடுத்தார்.

இயன் மெக்யூவனின் ‘மெஷின்ஸ் லைக் மீ’ (2019) நாவலில் வரும் இயந்திர மனிதன் ஆதாமைப் பற்றி நண்பர்கள் கேட்பார்கள். ஹைக்கூ எழுதுகிறான், காதலிக்கிறான், அளவுக்கு மீறி நேர்மையாக இருக்கிறான்; கடைசியில் சுத்தியலால் அடி வாங்குகிறான். நல்ல நாவல். அவனும் முதல் வகுப்பில் தேறியவன்தான், அவ்வளவே.

டாமிக்கு வருகிறேன். லூசி என்ற ஆசிரியை ஒருநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு வரைய வராவிட்டால் பரவாயில்லை என்கிறார். பையன் நிம்மதியாகிவிடுகிறான். சில வருடம் கழித்து அதே லூசி மறுபடியும் கூப்பிட்டு, அன்றைக்குச் சொன்னது தப்பு, உன் ஓவியங்கள் முக்கியம், அவை சாட்சி என்கிறார். அந்த நாவலிலேயே என்னை அதிகம் உலுக்கிய இடம் இதுதான். வளர்ந்த பிறகு, காதலிப்பவர்களுக்கு உறுப்புகளைக் கொடுக்கும் முன் சில வருட அவகாசம் கொடுப்பார்கள் என்ற வதந்தியை நம்பி, காதலுக்குச் சாட்சியாகக் குட்டிக் குட்டி விலங்குகளாக வரைந்து எடுத்துக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போகிறான் டாமி. அவகாசம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லையாம். இந்தப் பிள்ளைகளுக்கும் ஆன்மா உண்டு என்று வெளியாருக்குக் காட்டத்தான் ஓவியங்களை எடுத்தார்களாம். அதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, அந்தப் பிள்ளைகளுக்காகப் போராடியவர்கள். திரும்பி வரும் வழியில் இருட்டில் காரை நிறுத்தச் சொல்லி, வயலுக்குள் இறங்கி டாமி அலறுகிறான். அவன் காதலி கேத்தி ஓடிப்போய், அவன் ஓயும்வரை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

எதற்கும் லாயக்கில்லாத, சிடுசிடுப்பான, கவிதையும் எழுதாத, யாருக்காகவும் உயிரைக் கொடுக்காத ஒரு செயற்கை மனிதனை நடுவில் வைத்து, அவனையும் விட்டுவையுங்கள் என்று கேட்கிற நாவல் யாராவது படித்திருக்கிறீர்களா? இருந்தால் பின்னூட்டத்தில் பெயரைப் போடுங்கள். முடிவைச் சொல்லிவிடாதீர்கள், அந்த உரிமை இன்றைக்கு எனக்கு மட்டும்தான்.