உங்கள் பட்டியலை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை

டர்பனில் இலவசச் சாப்பாடும் உதவியும் தரும் குழுக்கள் ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வர்த்தில் கூடியபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் குரல் பதிவு வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றி என் போனுக்கே வந்துவிட்டது. அதில் ஒரு அங்கிள் என்னைத்தான் சொல்கிறார்: "லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குப் பசி தெரியாது." நல்ல வசனம். கைதட்டலும் விழுந்தது.

நான் கேட்டது என்ன? எங்கே, எப்போது, என்ன உதவி கிடைக்கும் என்று ஒவ்வொரு குழுவும் வைத்திருக்கும் பட்டியலை நான் யாரிடமும் கேட்கவில்லை. புது ஆப் வேண்டும் என்றும் சொல்லவில்லை, அதைச் சொன்னவர் வேறு ஆள். உங்கள் பட்டியல் உங்களிடமே இருக்கட்டும், எல்லாரும் ஒரே மாதிரி எழுதி வைப்போம் என்றேன். அவ்வளவுதான்.

டர்பனில் சாப்பாடு போடும் கைகளுக்குக் குறைச்சல் இல்லை. கோயில், மசூதி, சர்ச், முதியோர் மன்றம் என்று எல்லாரும் செய்கிறார்கள், எல்லாரிடமும் பட்டியலும் இருக்கிறது. ஒருவரிடம் பிடிஎஃப், இன்னொருவரிடம் எக்செல், மற்றொருவரிடம் நோட்டுப் புத்தகத்தைப் போனில் எடுத்த படம். ஒன்றோடு ஒன்று பேசாது.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் இதை நேரில் பார்த்தோமே! நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். வீடு போனவர்களுக்காக வந்த பட்டியல்களில் ஒரே மண்டபத்துக்கு வேறு வேறு போன் எண்கள். அடித்தால் ஒன்றை யாரும் எடுப்பதில்லை, இன்னொன்றை எடுத்தவர் "அம்மா, நான் டயர் கடை" என்கிறார். எந்த இடத்தில் பாய் தீர்ந்தது, எங்கே சாப்பாடு குவிந்து வீணாகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளம்கூட அபூர்வம் என்று சொல்லலாம். என் பெரியம்மா கதை சாதாரண நாளில் நடந்தது. மளிகைப் பை தருகிறார்கள் என்று டர்பன் பக்கத்து பீனிக்ஸில் ஒரு முகவரி, பளபளவென்று அச்சடித்த கையேட்டில் இருந்தது. முட்டி வலியோடு ஷேர் டாக்ஸி மாறிப் போனார். பூட்டிய கதவு. எப்போதோ நிறுத்திவிட்டார்களாம். பெரியம்மா என்னிடம் அதைச் சொல்லவே இல்லை, பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. வேலை இல்லாதவர்களுக்கு அரசின் உதவித்தொகை நிறுவனமான சாஸா தரும் 370 ரேண்டில் மாதத்தை ஓட்டுகிற பிள்ளைகள் இப்படி ஒரு வெட்டிப் பயணம் போனால் டாக்ஸிக் காசை யார் தருவார்கள்? கையேடு போட்டவர்களா?

உதவி கிடைக்கும் இடங்களின் விவரத்தை எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவதற்கென்று ஒரு தரநிலை ஏற்கெனவே இருக்கிறது. 2014-ல் அமெரிக்காவில் கிரெக் புளூம் தொடங்கிய ஓப்பன் ரெஃபரல் முயற்சியில் உருவான எச்.எஸ்.டி.எஸ். அதில் நிறுவனம் தனி, சேவை தனி, இடம் தனி. ஒரே சங்கம் சாட்ஸ்வர்த்தில் செவ்வாய் சாப்பாடும் பீனிக்ஸில் வெள்ளி மளிகைப் பையும் கொடுத்தால், நம் பட்டியலில் எல்லாம் ஒரே வரி, தலைவரின் போன் நம்பர். அந்தத் தரநிலையில் நாள், நேரம், யாருக்குக் கிடைக்கும், என்ன காகிதம் கொண்டுபோக வேண்டும், எந்த மொழியில் பேசுவார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. சேவை நடக்கிறதா, தற்காலிகமாக மூடியிருக்கிறதா, அடியோடு நின்றுவிட்டதா என்று குறிக்கவும் இடம் உண்டு. கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்பதற்கும் உண்டு. அந்த ஒரு தேதி கையேட்டில் இருந்திருந்தால் பெரியம்மா வீட்டிலேயே இருந்திருப்பார்.

"அமெரிக்கச் சரக்கு நமக்கு எதற்கு?" வாட்ஸ்அப் எந்த ஊர்ச் சரக்காம்? பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றி வைத்துக்கொண்டு பயன்படுத்துகின்றன. நாமும் ஜுலு மொழிக்கும் டாக்ஸி வரிசையாக நிற்கும் ரேங்குக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"தனிப்பட்ட விவரங்களைக் காக்கும் பாப்பியா சட்டம் விடாது." உதவி வாங்குபவர் பெயர் இதில் ஒன்றுகூட இல்லை. அந்தச் சட்டம் நிறுவனங்களின் விவரத்தையும் காக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, கேட்டுவிட்டே போடுவோம். அவர்களே சுவரில் முழ அகலத்துக்கு எழுதி வைத்திருக்கும் எண்தானே! அடிபட்டு ஓடிவந்த பெண்கள் தங்கும் இல்லத்தின் முகவரியை மட்டும் போடக் கூடாது, அதை நானே முதலில் சொன்னேன். அது குரல் பதிவில் இல்லை, வெட்டிவிட்டார்கள்.

"யார் புதுப்பிப்பார்கள்?" இது நியாயமான கேள்வி. சம்பளம் கொடுத்து ஆள் வைக்காமல் நடக்காது, பணம் எங்கிருந்து வரும் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் இப்போது மட்டும் யார் புதுப்பிக்கிறார்கள்?

அந்த அங்கிள் வீட்டுக் கூடத்தில் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பதிவைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம். 1860-லிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த கப்பல்களுக்கு அந்தக் கணக்கை வெள்ளைக்காரன் எழுதியது பாசத்தால் இல்லை, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் எண்ணுவதற்காக. ஆனாலும் எல்லாக் கப்பலுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியதால்தான் இன்று அங்கிள் ஆவணக் காப்பகத்தில் தேடி ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்தார். அதைச் சொல்லாத கல்யாணம் இல்லை! நம்மை நாமே எழுதி வைப்போம் என்றால் மட்டும் கோபம் வருகிறது.

உண்மையைச் சொல்லட்டுமா? பட்டியலைப் பகிர்ந்தால் பேனரில் யார் படம் வரும் என்பதுதான் பிரச்சினை. சட்டமும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. நானும் அவர்களோடு அதே சமையல் கட்டில் வெங்காயம் உரித்தவள்தான், அன்று யாரும் என்னைப் படம் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பசி தெரியாதாம் எனக்கு.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள், அதனால் இங்கேயே சொல்கிறேன். பட்டியல் எழுதும் படிவம் ஒரே ஒரு பக்கம்தான், தலைப்புகளைத் தமிழிலும் ஜுலுவிலும் ஆங்கிலத்திலும் போட்டு எக்செல்லாக வைத்திருக்கிறேன். வேண்டுமென்பவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள். நிரப்பி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அனுப்பக்கூட வேண்டாம். கடைசியாகச் சரிபார்த்த தேதியை மட்டும் காலியாக விடாதீர்கள்.