அது அழுக்கு இல்லை

அந்த வீடியோவை எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். கல்லூரி விழாவில் மைக்கைப் பிடித்து நின்ற அந்தப் பெண்ணின் அக்குள் ஈரத்தை மட்டும் பெரிதாக்கி, பின்னணியில் ஒரு மழைப் பாட்டும் போட்டு... பார்த்திருப்பீர்கள், விவரிக்க வேண்டியதில்லை. எடுத்தவன்மேல்கூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. கீழே வந்த கருத்துகள்தான் தூங்கவிடவில்லை. "ரெண்டு வேளை குளிக்கச் சொல்லுங்கப்பா." "யாராவது ஒரு டியோ வாங்கிக் கொடுங்க." இதை எழுதியவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு.

அவள் குளித்துவிட்டுத்தான் வந்திருப்பாள். உங்களைவிட ஒரு தடவை கூடுதலாகவே குளித்திருப்பாள். எனக்கும் அக்குள் அளவுக்கு மீறி வியர்க்கும், அதனால் சொல்கிறேன். இது அழுக்கு இல்லை.

நான் கணக்கு டீச்சர், வேலூரில். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதப் பழகிவிட்டேன். "மிஸ், மறைக்குது, மேல எழுதுங்க" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும். கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். நாப்கினை இரண்டாக வெட்டி ஜாக்கெட்டுக்குள் ஒட்டிக்கொண்டு போன நாட்கள் உண்டு. ஒரு நாள் தேற்றம் நடத்திக்கொண்டிருக்கும்போது அதில் ஒரு துண்டு நழுவி இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. அந்த நாற்பது நிமிடமும் இடது கையை அசைக்காமல் நின்றேன். துணிக்கடைக்குப் போனால் வெளிர் நீலம், சாம்பல் பக்கமே திரும்ப மாட்டேன். ஈரம் பட்டால் அப்படியே காட்டிக்கொடுக்கும். கறுப்பு, வெள்ளை, பொடிப்பூ, இவ்வளவுதான் என் அலமாரி.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை ஒரு நாள் அறைக்குக் கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஒரு சோப்புக்கட்டியை மேசைமேல் வைத்தார். "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தச் சோப்பை நான் பிரிக்கவே இல்லை.

முப்பத்தோரு வயதில்தான் தோல் டாக்டரிடம் போனேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "ரெண்டு பக்கமும் வியர்க்குதா? தூங்கும்போது நின்னுடுதா? 25 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சதா? வீட்ல வேற யாருக்காவது இருக்கா?" எல்லாவற்றுக்கும் ஆமாம். "இதுக்குப் பேரு ஹைப்பர்ஹைட்ரோசிஸ்மா. வியர்வைச் சுரப்பிக்குப் போற நரம்பு தேவைக்கு மேல தூண்டுது. நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலை." இந்தக் கடைசி வரிக்கு நான் அங்கேயே அழுதேன். தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிடலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். இரண்டும் சரியாகவே இருந்தன.

"டியோ போடு" என்கிறவர்களுக்கு: டியோடரண்ட் வியர்வையை நிறுத்தாது. வியர்வைக்குத் தனியாகப் பெரிய வாசனை கிடையாது, தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. டியோ அந்த நாற்றத்தைத்தான் கவனிக்கும். ஈரத்தைக் குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட், அது வேறு சாமான். எனக்குக் கொடுத்தது 20 சதவீதம் அலுமினியம் குளோரைடு கலந்த லோஷன். ராத்திரி படுக்கும்போது, அக்குளை நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகு தடவி, காலையில் கழுவிவிட வேண்டும். தூக்கத்தில் வியர்வை குறைவு என்பதால் அப்போதுதான் மருந்து வியர்வைக் குழாய்க்குள் இறங்கி அடைக்கும். காலையில் குளித்த ஈரத்தோடு தடவினால் பலனும் இருக்காது, எரிச்சல்தான் மிஞ்சும். ஷேவ் செய்த அன்று தொடவே கூடாது. நான் தொட்டேன், இரண்டு நாள் கையை இறக்க முடியவில்லை.

"அலுமினியம் புற்றுநோய் தருமாமே?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். மார்பகப் புற்றுநோய்க்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக இதுவரை நிரூபணமாகவில்லை. நம் வீடுகளில் ஷேவ் செய்ததும் தேய்க்கிற படிகாரமும் அலுமினிய உப்புதான்.

லோஷன் கேட்காவிட்டால், நரம்பின் அந்தத் தூண்டலைத் தடுக்கும் போடாக்ஸ் ஊசி இருக்கிறது. அமெரிக்காவில் 2004-லேயே அக்குள் வியர்வைக்கு அனுமதித்துவிட்டார்கள். அரை வருடம் போலத் தாங்கும், ஆனால் செலவு ஒரு டீச்சர் சம்பளத்துக்கு ஒத்துவராது. மாத்திரையும் உண்டு, வாய் வறண்டு போகும். நரம்பை வெட்டும் ஆபரேஷன் செய்தால் முதுகிலும் வயிற்றிலும் புதிதாக வியர்க்க ஆரம்பிக்கலாம். அதை டாக்டரே கடைசிக்கு வைக்கச் சொன்னார்.

"எல்லாருக்கும்தான் வியர்க்குது, இது நம்ம ஊர் வெயில்" என்பவர்களுக்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. மார்கழி மாதம் காலை எட்டு மணிக்கு உங்களுக்கு ஜாக்கெட் நனையுமா? "அப்போ நாத்தம் அடிச்சா சொல்லவே கூடாதா?" சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். ஆனால் வீடியோவில் நாற்றம் தெரியாதே! அந்தப் பெண்ணிடம் நீங்கள் பார்த்தது வெறும் ஈரம். அழுக்கு என்று முடிவு கட்டியது நீங்கள்.

வீட்ல வேற யாருக்காவது இருக்கா என்று டாக்டர் கேட்டாரே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அம்மாவுக்கு இருக்கிறது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும், முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் போர்த்திக்கொண்டுதான் உட்காருவாள். அடக்கம் என்று ஊரே மெச்சியது, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது ஈரத்தை மறைக்க.

லோஷன் வாங்கி வந்த அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போவாங்க?" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு வந்து பாயோரம் உட்கார்ந்தாள். "அந்த பாட்டில் எவ்வளவு ஆச்சு? எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா, அப்பாகிட்ட சொல்லாத" என்றாள். அப்போது அவளுக்கு அறுபது வயது.