சாப்பிடும் நாயின் தட்டைப் பிடுங்க வேண்டாம்

குட்டியாக இருக்கும்போதே சாப்பாட்டுத் தட்டை அடிக்கடி எடுத்துப் பழக்கினால் நாய் உறுமாது என்று உங்கள் நாய் வளர்ப்புக் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். மற்ற யோசனைகள் சரி, இதை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். ஆள் பக்கத்தில் வந்தாலே சோறு போய்விடும் என்றுதான் நாய் இதில் கற்றுக்கொள்ளும்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கதவு திறந்தே கிடக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கோழி, வேறு நாய் எல்லாம் தட்டருகே வந்து போகும். அங்கே செய்ய வேண்டியது நேர்மாறு. சற்றுத் தள்ளி நின்று, வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டு விலகுங்கள். நாய் நிதானமாக இருந்தால் மட்டும், நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே போகலாம். நாய் கவ்வி வைத்திருக்கும் பந்தையும் பிடுங்காமல், அதைவிடப் பிடித்த ஒன்றைக் காட்டி வாங்கிக்கொண்டு, மறுபடி அதனிடமே கொடுங்கள்.

உடம்பு விறைப்பது, அவசரமாக விழுங்குவது, தலையைத் தூக்காமல் கடைக்கண்ணால் பார்ப்பது எல்லாம் உறுமலுக்கு முன்பே வரும். உறுமினால் அடிக்காதீர்கள். அடிபட்ட நாய் உறுமலை விட்டுவிட்டு நேரே கடிக்கக்கூடும். இரண்டு நாய் இருந்தால் தனித்தனி இடத்தில் சோறு வையுங்கள், சின்னப் பிள்ளைகளை அந்த நேரம் உள்ளேயே வைத்திருங்கள். ஏற்கெனவே கடித்த நாய் என்றால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

அப்புறம், கடிபட்டால் மஞ்சள் பூசிவிட்டு இருந்துவிடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள்.