மாப்பிள்ளை காரில் மிஞ்சின ஆயில்

(மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு டூவீலர் ஸ்பேர்ஸ் கடை. செப்டம்பர் 9, மத்தியானம் மூணு மணி. கல்லாவில் ஈஸ்வரி பிரேக் கேபிள்களை எண்ணிக் கட்டிக்கொண்டிருக்கிறார். பரமசிவம் பைக்கை நிறுத்திவிட்டு மஞ்சப்பையோடு படியேறுகிறார்.)

பரமசிவம்: ஈஸ்வரி, வண்டிக்கு ஆயில் மாத்தணும்மா. ஆயில் வேண்டாம், வாசர் மட்டும் குடு.

ஈஸ்வரி: ஆயில் வேண்டாம்னா எதைண்ணே மாத்தப் போறீங்க?

பரமசிவம்: ஆயில் கையோட கொண்டாந்துட்டேன். (பையிலிருந்து ஒரு கேனை எடுத்து மேசையில் வைக்கிறார்.) எங்க மாப்பிள்ளை கார்ல ஊத்தினது போக மிச்சம். மூணரை லிட்டர் கேன்ல அரை லிட்டர் நின்னுருச்சு. வீணாப் போகலாமா?

ஈஸ்வரி: (கேனைத் திருப்பிப் பார்த்து) கிரேடு ஜீரோ டபிள்யூ இருபது. இது கார் ஆயில்ணே.

பரமசிவம்: எஞ்சின் ஆயில்னுதானம்மா போட்டிருக்கு? பெருசுல ஓடினது சின்னதுல ஓடாதா?

ஈஸ்வரி: கார்ல கிளச்சு எஞ்சின் ஆயில் படாம தனியாக் கிடக்கு. உங்க பைக்ல கிளச் பிளேட்டு எஞ்சின் ஆயிலுக்குள்ளயே முங்கிக் கிடக்கு. கியரும் அதே ஆயில்லதான் சுத்துது. மைலேஜுக்காக இந்த மாதிரி கார் ஆயில்ல வழுவழுப்புக்கு ஒண்ணு சேர்ப்பான். அது பிளேட்டுல ஏறுச்சுன்னா பிளேட்டு பிடிக்காது, வழுக்கும். நீங்க ஆக்சிலேட்டர முறுக்க முறுக்க சத்தம் திருப்பரங்குன்றம் போகும், வண்டி மாட்டுத்தாவணியிலயே நிக்கும்.

பரமசிவம்: நிக்கட்டுமே. அஞ்சு வருஷம் வாரண்டி இருக்கு. புது கிளச்சு குடுடான்னு போய் நிப்பேன்.

ஈஸ்வரி: கிளச் பிளேட்டு, பிரேக் ஷூ, கேபிள், பல்பு எல்லாம் தேயிற சாமான்ணே, வாரண்டில வராது. அந்தப் பக்கத்த மட்டும் பொடி எழுத்துல அடிச்சிருப்பான். தப்பான ஆயிலால எஞ்சினே போச்சுன்னா அதுக்கும் கையை விரிச்சிருவான்.

பரமசிவம்: (கேனை மெதுவாகப் பைக்குள் தள்ளி) சரி, நீயே ஒண்ணு குடு. விலை கம்மியா.

ஈஸ்வரி: விலைய அப்புறம் பாருங்க, பாட்டில் பின்னாடி பாருங்க. உங்க வண்டிக்குப் பத்து டபிள்யூ முப்பது கிரேடு. பக்கத்துல ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ.டூன்னு ஜப்பான்காரன் தரக்குறி போட்டிருக்கா? அதுதான் ஆயில்ல முங்கின கிளச்சுக்கு ஆனது. எம்.பி.ன்னு இருந்தா ஸ்கூட்டருக்கு. அதுல கிளச்சு ஆயில்ல முங்கறதில்ல, அதனால ஒண்ணும் ஆகாது.

பரமசிவம்: எங்க வீட்டம்மா ஸ்கூட்டர் வச்சிருக்கா. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பாட்டில் வாங்கினா?

ஈஸ்வரி: சோப்பு டப்பாவாண்ணே இது, வீட்டுக்கு ஒண்ணுன்னு வாங்க?

பரமசிவம்: சரி, இந்த ஒரு லிட்டர் பாட்டிலக் குடு. வாசல்ல உக்காந்திருக்கானே உங்க மெக்கானிக்கு, அவன் முழுசா ஊத்திரட்டும்.

ஈஸ்வரி: உங்க வண்டிக்கு ஆயில் மாத்தும்போது 800 மில்லின்னு கம்பெனி புத்தகத்துல போட்டிருக்கு.

பரமசிவம்: ஒரு இருநூறு கூடப் போனா எஞ்சின் நல்லாத்தானம்மா இருக்கும்? விருந்தாளிக்கு ஒரு கரண்டி கூட வைக்கிற மாதிரி.

ஈஸ்வரி: விருந்தாளி போதும்னு கையால இலைய மறைப்பான். எஞ்சினுக்கு ஏதுண்ணே கை? ஆயில் கூடிருச்சுன்னா உள்ள சுத்துற கிராங்கு அதைத் தயிர் மாதிரி கடையும். நுரை கட்டும். நுரை மூச்சுக்குழாய் வழியா ஏறி ஏர் ஃபில்டர நனைக்கும். வண்டி இழுக்காது, சீல் வழியாக் கசியும். குறைஞ்சாலும் வம்பு, கூடினாலும் வம்பு.

பரமசிவம்: அப்ப 800தான் ஊத்தினான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஈஸ்வரி: டிப் ஸ்டிக் இருக்குல்ல, ஆயில் அளவு பாக்குற குச்சி. ஊத்தின உடனே பாத்தா தப்பாக் காட்டும். மூணு நிமிஷம் ஐட்லிங்ல ஓட விட்டு ஆஃப் பண்ணணும். ரெண்டு மூணு நிமிஷம் ஆயில் கீழ இறங்கட்டும். வண்டி சென்டர் ஸ்டாண்டுல நேரா நிக்கணும். ஸ்டிக்கத் துடைச்சு உள்ள விட்டு, மரைய ஏத்தாம சும்மா உக்கார வச்சு எடுக்கணும். உங்க வண்டிக்கு அப்படித்தான் போட்டிருக்கு. ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னா சரி. திருகி வச்சுப் பாக்குறவங்க குறைவா ஊத்திட்டு நிறைஞ்சிருச்சுன்னு போயிருவாங்க.

பரமசிவம்: இதை நானே வீட்ல செஞ்சா என்ன?

ஈஸ்வரி: செய்யலாம். எஞ்சின் லேசா சூடா இருக்கும்போது கீழ போல்ட்டக் கழட்டி அஞ்சு பத்து நிமிஷம் வடிய விடணும். உள்ள இருக்கிற வலையக் கழுவணும். வாசர் புதுசாப் போடணும், பழசு நசுங்கித்தான இருக்கும். போல்ட்ட முதல்ல கையாலயே நாலு சுத்து ஏத்திட்டு அப்புறம் ஸ்பேனர். அங்கதான் எல்லாரும் கெடுக்கிறது. பலம் இருக்குன்னு ஸ்பேனர்ல குழாயச் சொருகி ஏறி மிதிச்சு இறுக்குவாங்க. எஞ்சின் கூடு அலுமினியம், போல்ட்டு இரும்பு. மரை போயிரும். நானூறு ரூபா ஆயில் வேலை அப்புறம் லேத் பட்டறைக்குப் போகும்.

பரமசிவம்: (கையைப் பின்னால் கட்டிக்கொண்டு) அப்ப உங்க மெக்கானிக்கே செய்யட்டும். கம்பெனி சர்வீஸுக்குப் போனா கண்ட கண்டதையும் பில்லுல ஏத்துவான்.

ஈஸ்வரி: இருங்க. சர்வீஸ் புத்தகம் இருக்கா?

பரமசிவம்: இல்லாமயா? ஆயுத பூசைக்கு அதுக்கும் பொட்டு வச்சோம். (பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கிறார்.)

ஈஸ்வரி: ரெண்டு கூப்பன் கிழிச்சாச்சு. மூணாவது ஃப்ரீ சர்வீஸ் அப்படியே இருக்கேண்ணே! இதை வச்சுக்கிட்டு வெளிய மாத்த வந்தீங்களா?

பரமசிவம்: அது 6,000 கிலோமீட்டருக்கு. வண்டி 3,900தான ஓடியிருக்கு.

ஈஸ்வரி: பக்கத்துலயே "அல்லது போன சர்வீஸ்லேர்ந்து 100 நாள், எது முதலில் வருகிறதோ"ன்னு போட்டிருக்கு பாருங்க. போன சர்வீஸ் ஜூன் 3. (விரல் விட்டு எண்ணுகிறார்.) இன்னைக்கு 98 நாள். நாளன்னைக்கோட முடிஞ்சுது.

பரமசிவம்: ஃப்ரீன்னு சொல்றானே தவிர ஆயிலுக்குக் காசு வாங்குறான்மா. கூலிதான் ஃப்ரீ.

ஈஸ்வரி: அதனாலதான் சொல்றேன். ஆயில் காசு இங்கயும் உண்டு, அங்கயும் உண்டு. இங்க கூலியும் சேரும். அதோட அங்க போனா புத்தகத்துல சீல் விழும். எஞ்சின் உள்ள சத்தம் வந்து நாளைக்கு நீங்க வாரண்டி கேட்டா, அவன் முதல்ல கேக்கிறது இந்தச் சீலத்தான். ஒண்ணு விட்டுப்போனாலும் பேச்சு நீளும்.

பரமசிவம்: (போனை எடுத்து) அதெல்லாம் சட்டம் இருக்கு! கம்பெனிங்க போட்டிய நியாயமா நடத்துறாங்களான்னு பாக்குற காம்பெட்டிஷன் கமிஷன் 2014 ஆகஸ்ட்ல சொல்லியிருக்கு. வெளிய வேலை பாத்தா வாரண்டியே கிடையாதுன்னு ஒட்டுமொத்தமா மறுக்கக் கூடாது. வெளி வேலையால கெட்டுப்போனதுக்கு மட்டும் மறுக்கலாம். 14 கம்பெனிக்கு 2,544 கோடி அபராதம்!

ஈஸ்வரி: அந்த 14ம் கார் கம்பெனிண்ணே. அவங்களும் சும்மா இல்ல, எதிர்த்துக் கேஸ் போட்டாங்க. உங்க பைக் புத்தகத்துல அங்கீகாரம் உள்ள சர்வீஸ் சென்டர்லதான் செய்யணும்னு அச்சடிச்சிருக்கு. நானூறு ரூபா ஆயிலுக்கு நீங்க வக்கீல் வைப்பீங்களா?

பரமசிவம்: வக்கீலுக்கு டீ வாங்கிக் குடுக்கவே யோசிப்பேன். அப்ப அஞ்சு வருஷமும் இந்தப் பக்கமே வரக்கூடாதா?

ஈஸ்வரி: வாங்க. புத்தகத்துல தேதி போட்ட சர்வீஸ் எல்லாம் அங்க. நடுவுல ஒரு ஆயில் கூட மாத்தணும்னு தோணுச்சுன்னா இங்க. அதுக்கும் என்கிட்ட ஜி.எஸ்.டி. பில்லு வாங்கிக்கோங்க. வண்டி நம்பர், கிலோமீட்டர், ஆயில் பேரு, கிரேடு எல்லாம் அதுல இருக்கணும். துண்டுச் சீட்டு ஆகாது. இப்ப உங்களுக்கு ஒரு பாட்டில் வித்தா எனக்கு நாப்பது ரூபா நிக்கும். அப்புறம் அஞ்சு வருஷம் உங்க வாய்க்கு யாரு பதில் சொல்றது?

பரமசிவம்: அங்க அவன் ஏமாத்தினா?

ஈஸ்வரி: கேட்டு வாங்கணும். ஜாப் கார்டுல என்னென்ன எழுதினான்னு படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. எஞ்சின் ஃப்ளஷ், டெஃப்லான் கோட்டிங், ஆயில்ல கலக்குற மருந்து எல்லாத்தையும் அடிச்சிரச் சொல்லுங்க. உங்க புத்தகத்துல எதுவும் கேக்கல. பீப்பாயிலேர்ந்து ஊத்துனா அளவுக் குவளையக் காட்டச் சொல்லுங்க. 800 ஊத்திட்டு ஒரு லிட்டருக்குப் பில்லு போட்டா அங்கயே கேளுங்க. பாட்டில்னா மூடி சீல் உங்க கண்ணு முன்னாடி உடையணும்.

பரமசிவம்: காலி பாட்டில நான் கொண்டாந்துரலாமா? வீட்டம்மா எண்ணெய்க்கு வச்சுக்குவா.

ஈஸ்வரி: ஐயோ, வேண்டாம்ணே. ஓட்டை போட்டுத்தான் தூக்கி எறியணும். முழுசாக் கிடைச்சா அதுல கழிவு ஆயில வடிகட்டி அடைச்சு மறுபடி விக்கிறதுக்குன்னே ஆள் இருக்கு.

பரமசிவம்: அப்ப பழைய ஆயில்? அதையாவது கேட்டு வாங்கறேன். மச்சான் வீட்ல சென்ட்ரிங் நடக்குது, பலகைக்குத் தடவலாம்.

ஈஸ்வரி: ஆயில் வாங்க வந்தீங்களா, ஆயில் வசூலுக்கு வந்தீங்களா? விடுங்க. நாளைக்குக் காலைல எட்டரைக்கே போய் வண்டிய விடுங்க.

பரமசிவம்: நாளைக்கு அஷ்டமி மாதிரி இருக்கேம்மா.

ஈஸ்வரி: பொண்ணு பாக்கவா போறீங்க? விட்டா கூப்பன் செத்துரும்.

பரமசிவம்: சரி சரி. (கிளம்பியவர் திரும்பி வந்து) அந்த வாசர மட்டும் குடு. அங்க பழசையே மாட்டிட்டான்னா?

ஈஸ்வரி: (டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வைக்கிறார்) பத்து ரூபா.

பரமசிவம்: பில்லு?

ஈஸ்வரி: எதுக்குண்ணே?

பரமசிவம்: நீதான சொன்ன! வண்டி நம்பர், கிலோமீட்டர், ஜி.எஸ்.டி. எல்லாம் போட்டு. கிலோமீட்டர் 3,900ன்னு போட்டுறாத. இரு, வெளிய போய்ச் சரியாப் பாத்துட்டு வந்து சொல்றேன்.

(படியிறங்கி ஓடுகிறார். ஈஸ்வரி பில் புத்தகத்தைத் தேடுகிறார். மேசை மேல் மஞ்சப்பை அப்படியே இருக்கிறது.)