கட்டோடு தைத்த சீட்டு

வேலூரில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் கணினி வேலை பார்ப்பவன் நான். பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து வைப்பதும், கட்சிக்காரர் வந்து கேட்டால் உடனே தேடி எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. சென்ற ஆண்டு நான்கு மாதம் மாலை நேரங்களில் உட்கார்ந்து சுமார் 1,800 கோப்புகளுக்குக் குறிச்சொல், அதாவது தேடி எடுக்க உதவும் அடையாளச் சொல், இட்டேன். புதிய கணினி வந்த அன்று அவற்றைப் பென்டிரைவில் ஏற்றி மாற்றினேன். கோப்புகள் அத்தனையும் வந்து சேர்ந்தன, குறிச்சொல் ஒன்றுகூட வரவில்லை. எச்சரிக்கையும் வரவில்லை. அதைக் கவனிப்பதற்குள் பழைய கணினியை அழித்துத் துடைத்து விற்றிருந்தோம் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கோப்புறை கோப்புறையாகப் பிரித்து வைத்தால் போதாதா, குறிச்சொல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் மாவட்டமே பதில். வாலாஜாபேட்டையில் உள்ள ஒரு வீட்டின் பத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-ஆம் ஆண்டின் கிரயப் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்றிருக்கிறது. 1989-இல் திருவண்ணாமலைப் பகுதி தனியே பிரிந்துவிட்டதால், 1993-இல் எழுதிய பாகப்பிரிவினையில் அதே வீடு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் இருக்கிறது. 2005-இன் செட்டில்மெண்டில் வேலூர் மாவட்டம். 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்த பிறகு எழுதிய பத்திரத்தில் இராணிப்பேட்டை மாவட்டம். வீடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. கோப்புறைக்கு ஒரு பெயர்தான் வைக்க முடியும் என்பதால், மாவட்டவாரியாகப் பிரித்தால் ஒரே சொத்தின் மூலப் பத்திரமும் கடைசிப் பத்திரமும் வெவ்வேறு கோப்புறைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான்கு பெயரையும் ஒரே கோப்பின் மேல் ஒட்டிவைக்கக் குறிச்சொல்லை விட்டால் வேறு நல்ல வழி இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஒட்டிய இடம்தான் கோளாறு. எங்கள் கணினியில் இருப்பது லினக்ஸ் இயங்குதளம். அதில் கோப்புகளைப் பார்க்க உதவும் டால்பின் என்ற கோப்பு மேலாளரின் பக்கப் பலகத்தில் நாம் எழுதும் குறிச்சொல் கோப்புக்குள்ளும் போவதில்லை, கோப்பின் பெயரிலும் சேர்வதில்லை. எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் என்று சொல்லப்படும் தனி இடத்தில், வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடான கோப்பு முறைமை அதை வைத்துக்கொள்கிறது. எக்ஸ்ஃபேட், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் அப்படி ஓர் இடமே கிடையாது. அது போகட்டும், ஒரே வட்டுக்குள் சிபி கட்டளையால் நகல் எடுத்தாலும், தனியாகக் கேட்டால் ஒழிய இந்தத் தகவல் கூட வராது; நகலெடுக்கும் இன்னொரு கட்டளையான ஆர்சிங்க்குக்கும் பெரிய எக்ஸ் என்ற எழுத்தைச் சேர்த்துச் சொன்னால்தான் புரிகிறது. விண்டோஸில், அதன் வழக்கமான கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் வட்டிலிருந்து பென்டிரைவுக்கு மாற்றும்போது, இந்தக் கோப்பின் சில பண்புகள் போய்விடும், பரவாயில்லையா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். விண்டோஸில் வேலை பார்த்தபோது அந்தப் பெட்டியைப் படிக்காமல் 'ஆம்' அழுத்தியவன்தான் நானும். ஆனாலும் கேட்பது ஒரு மரியாதை.

இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. 1990-களிலேயே பிஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு கோப்பாக இருந்தது. அனுப்புநரும் பொருளும் அந்தக் கோப்பின் பண்புகளாக அட்டவணையிடப்பட்டு, நொடியில் தேடக் கிடைத்தன. முகவரிப் புத்தகத்தில் ஒருவருடைய கோப்பின் அளவு பூஜ்யம் பைட்டாக இருக்கும், பெயரும் தொலைபேசி எண்ணும் முழுக்கப் பண்புகளிலேயே இருக்கும். அதன் வழிவந்த ஹைக்கூவில் இன்றும் அதைப் பார்க்கலாம். விண்டோஸ் எக்ஸ்பியில் எந்தக் கோப்பின் பண்புகளைத் திறந்தாலும் தலைப்பும் குறிப்பும் எழுத இடம் இருந்தது. விஸ்டாவிலிருந்து அது வேர்டு, ஜேபெக் போலத் தமக்குள்ளேயே தகவலை வைத்துக்கொள்ளத் தெரிந்த வகைகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. கோப்புகளையே தரவுத்தளம்போல் நடத்துவதாக 2003-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த வின்எஃப்எஸ் 2006-இல் கைவிடப்பட்டது. வசதி வருகிறது, போகிறது. நம்பி எழுதியவன்தான் மறுபடி எழுதவேண்டியிருக்கிறது.

எங்கள் அலுவலகத்தின் பெரியவர், கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்து எழுத்தர், பத்திரக் கட்டுக்கு மேல் ஓர் அட்டைச் சீட்டை வைத்துக் கோணி ஊசியால் சணல் நூல் கோத்துத் தைத்துவிடுவார். ஊரும் சர்வே எண்ணும் பழைய ஊர்ப்பெயரும் அதில் இருக்கும். கட்டு எந்த அலமாரிக்குப் போனாலும் சீட்டு கூடவே போகும். நான் செய்தது, சீட்டை எழுதி அலமாரியின் மேல் ஒட்டிய வேலை.

அப்படியானால் எல்லாவற்றையும் கோப்புக்குள்ளேயே எழுதிவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். பிடிஎஃப் கோப்புக்குள் தலைப்பு, பொருள், திறவுச்சொல் எழுத இடம் உண்டு. எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளே போதும். ஆனால் மின்கையொப்பமிட்ட சான்றில் கைவைத்தால், கையொப்பத்துக்குப் பிறகு மாற்றப்பட்டது என்று காட்டக்கூடும். இன்னொரு சிக்கலும் உண்டு. என் குறிப்புகளில் சில 'பாக்கி 500' என்ற ரகம். அதுவும் கோப்போடு சேர்ந்து வாட்ஸ்அப்பில் கட்சிக்காரர் கைக்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபோது, தொலைந்ததில் கொஞ்சம் நல்லதும் இருக்கிறது என்று தோன்றியது. சொத்தைப் பற்றிய செய்தி கோப்போடு போகவேண்டும், ஆளைப் பற்றிய செய்தி அலுவலகத்தைத் தாண்டக் கூடாது. இந்த வேறுபாட்டை நமக்காகக் காப்பாற்றித் தரும் கோப்பு மேலாளரை நான் இதுவரை பார்க்கவில்லை.

கோப்பின் பெயரிலேயே எல்லாவற்றையும் திணிக்கவும் வழியில்லை. லினக்ஸின் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 வட்டில் பெயருக்கு 255 பைட்தான். 'வாலாஜாபேட்டை' நமக்கு ஆறெழுத்து, எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையின் கணக்கில் 36 பைட். நாலைந்து ஊரும் இரண்டு பெயரும் சேர்த்தால் இடம் தீர்ந்துவிடும்.

இப்போது பெயரில் ஆண்டும் ஆவண எண்ணும் மட்டும் வைக்கிறேன். கையொப்பம் இல்லாத ஸ்கேன்களில் ஊரும் சர்வே எண்ணும் பிடிஎஃபுக்குள்ளேயே போகின்றன. மற்றவையெல்லாம் அதே கோப்புறையில் சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துப் பட்டியலாக, நோட்பேடிலும் திறக்கும்படி இருக்கின்றன. பாக்கி விவரம் மட்டும் என் மேசை நோட்டில். குறிச்சொற்களை அந்தப் பட்டியலிலிருந்து ஒரு சிறு நிரல் இடுகிறது; போனால் மறுபடி இட்டுவிடலாம். பட்டியலிலும் தொல்லை இல்லாமலில்லை. இராணிப்பேட்டை, ராணிப்பேட்டை என்று இரண்டு விதமாக எழுதியிருந்தேன், தேடினால் பாதிதான் வந்தது. அதைவிட மோசம் 'ஸ்ரீ'. திரையில் ஒன்றுபோலவே தெரியும் அந்த எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகத் தட்டச்சு செய்ய முடியும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆயிற்று.

இன்னும் ஏறத்தாழ 600 கோப்புகள் மீதி. நேற்று மாலை அந்த வாலாஜாபேட்டை வீட்டின் முறை வந்தது. மாவட்டம் என்ற கட்டத்தில் நான்கு பெயரையும் அரைப்புள்ளியிட்டு வரிசையாக எழுதினேன். ஐந்தாவதாக ஒன்று வந்தாலும் அதே கட்டத்தில் இடம் இருக்கிறது.